திறமையாளரையும் நம்பகமானவரையும் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள்

ஒரு குழுவில் பலர் பணியாற்றினாலும், கடினமான வேலை வரும்போது அனைவரும் ஓரிருவரையே தேடுவர். அத்தகையோரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ரைட் ஹேண்ட் மேன்', 'கீ மேன்', 'லிஞ்ச்பின்', 'ஏ டீம்', 'கிச்சன் கேபினட்' எனப் பல தொடர்கள் வழங்குகின்றன. இவற்றுள் பல இன்று தமிழ்ப் பேச்சிலும் நாளிதழ்களிலும் தமிழ்ச் சொற்களைப் போலவே புழங்குகின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை தொழிற்சாலைகளும் இருப்புப்பாதையும் பட்டறைகளும் நிறைந்தவை. இங்கு இத்தொடர்களில் சில, பதவிப் பெயர்களாகவும் தொழிற்பெயர்களாகவும் நிலைபெற்றுள்ளன.

இத்தொடர்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றும். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தினால் புகழ்ச்சி இகழ்ச்சியாக மாறிவிடக்கூடும். வேலை விண்ணப்பம், நற்சான்றிதழ், நேர்காணல் ஆகியவற்றில் இத்தவறு ஒருவரின் வாய்ப்பையே பாதிக்கலாம்.

நான்கு வகைப் பொருள்

இத்தொடர்கள் குறிக்கும் பண்புகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. திறன்: வேலையைச் செவ்வனே செய்யத் தெரிந்தவர். 'மாஸ்டர்', 'ஏஸ்' போன்றவை இவ்வகை.
2. நம்பிக்கை: பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கவலையின்றி இருக்கத்தக்கவர். 'ரைட் ஹேண்ட் மேன்', 'சேஃப் பேர் ஆஃப் ஹேண்ட்ஸ்' போன்றவை இவ்வகை.
3. நெருக்கம்: தலைவருக்கு அருகில் இருப்பவர். 'இன்னர் சர்க்கிள்', 'கிச்சன் கேபினட்' போன்றவை இவ்வகை.
4. பதவி: அமைப்பின் மேல்நிலையில் இருப்பவர். 'டாப் பிராஸ்' இவ்வகை.

ஒருவரிடம் நான்கும் சேர்ந்திருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம். திறன் மிக்கவர் தலைவருக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நெருக்கமானவர் திறன் உடையவராக இருப்பார் என்பதும் உறுதியில்லை.

இந்த வேறுபாட்டைத் திருக்குறள் தெளிவாக உணர்ந்துள்ளது. ஒருவரை ஆராய்ந்து நம்புவதைப் பற்றித் 'தெரிந்து தெளிதல்' என்ற 51ஆம் அதிகாரமும், ஆராய்ந்து தக்கவரிடம் வேலையை ஒப்படைப்பதைப் பற்றித் 'தெரிந்து வினையாடல்' என்ற 52ஆம் அதிகாரமும் பேசுகின்றன. நம்பிக்கைக்கு ஓர் அதிகாரம், திறனறிந்து பணியளிப்பதற்கு மற்றோர் அதிகாரம் எனத் தனித்தனியே அமைந்திருப்பது கருதத்தக்கது.

மாஸ்டரும் மேஸ்திரியும்

தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சில் திறமையாளரைக் குறிக்க மிகுதியாக வழங்கும் ஆங்கிலச் சொல் 'மாஸ்டர்' ஆகும். டீக்கடையில் 'டீ மாஸ்டர்', உணவகத்தில் 'பரோட்டா மாஸ்டர்', தையற்கடையில் 'கட்டிங் மாஸ்டர்', திரைப்படத் துறையில் 'டான்ஸ் மாஸ்டர்', 'ஸ்டண்ட் மாஸ்டர்' என இச்சொல் பரவியுள்ளது. ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்பதற்கு எசமானர் என்ற பொருளும் உண்டு. தமிழ்ப் பேச்சில் அப்பொருள் பின்தங்கி, கைத்திறன் உடையவர் என்ற பொருளே முன்னிற்கிறது. கடையின் உரிமையாளரை 'முதலாளி' என்றும், அடுப்படியில் நிற்பவரை 'மாஸ்டர்' என்றும் அழைக்கும் வழக்கமே இதற்குச் சான்று.

கட்டட வேலையில் இதே இடத்தை 'மேஸ்திரி' என்ற சொல் பெற்றுள்ளது. இது 'மெஸ்த்ரே' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. 'மாஸ்டர்', 'மெஸ்த்ரே' ஆகிய இரண்டுக்கும் மூலம் 'மாஜிஸ்டர்' என்ற இலத்தீன் சொல்லே. எனவே டீ மாஸ்டரும் கொத்து மேஸ்திரியும் சொல் வகையில் ஒரே குடும்பத்தினர். 'மாஜிஸ்ட்ரேட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததாகும்.

ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் தொழில் கற்பவர் 'அப்ரெண்டிஸ்' எனவும், கற்று முடித்துக் கூலிக்கு வேலை செய்பவர் 'ஜர்னிமேன்' எனவும், தன் பொறுப்பில் தொழில் நடத்தும் தகுதி பெற்றவர் 'மாஸ்டர்' எனவும் அழைக்கப்பட்டனர். 'ஜர்னிமேன்' என்பதற்கும் பயணத்திற்கும் தொடர்பில்லை. ஒரு நாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இச்சொல், நாட்கூலி பெறுபவரைக் குறித்தது. இவற்றுள் 'அப்ரெண்டிஸ்' மட்டும் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்று, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்துவிட்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் சேரும் மாணவர்கள் இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர்.

ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை, 1965இல் 'விஜயந்தா' பீரங்கி வண்டியை உருவாக்கி வெளியிட்டது. 2021 முதல் அது கவச வாகன நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது. இத்தகைய பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளில் தொழிலாளரின் நிலைகள் 'ஸ்கில்டு', 'ஹைலி ஸ்கில்டு', 'மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன்' என உயர்ந்து செல்கின்றன. 'சார்ஜ்மேன்' என்பது மேற்பார்வைப் பதவி. இங்கே திறனும் பதவியும் இரு வேறு பெயர்களால் பிரித்துக் காட்டப்படுகின்றன. 'மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன்' கைத்திறனின் உச்சத்தைக் குறிப்பது. 'சார்ஜ்மேன்' பிறரின் வேலைக்குப் பொறுப்பேற்பதைக் குறிப்பது.

கையில் தொடங்கும் தொடர்கள்

திறமையையும் நம்பிக்கையையும் கையோடு இணைத்துப் பேசுவது தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் உண்டு.

'ரைட் ஹேண்ட் மேன்' என்பது தலைவர் பெரிதும் நம்பும் உதவியாளரைக் குறிக்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இத்தொடர், குதிரைப்படை அணியின் வலப்புறத்தில் பொறுப்புடன் நின்ற வீரரைக் குறித்தது. தமிழில் 'வலது கை' என்பது இதற்கு இணையாக வழங்குகிறது.

'சேஃப் பேர் ஆஃப் ஹேண்ட்ஸ்' என்பது கிரிக்கெட்டில் பந்தைத் தவறவிடாமல் பிடிக்கும் ஆட்டக்காரரைக் குறிக்கும். பிற துறைகளில், ஒப்படைத்த பொறுப்பை நழுவவிடாதவர் என்பது பொருள். அதிரடியான சாதனையைவிடத் தவறு நேராமையையே இது புகழ்கிறது.

'ஓல்டு ஹேண்ட்' என்பது நீண்ட அனுபவம் உடையவரைக் குறிக்கும். இங்கு 'ஹேண்ட்' என்பது தொழிலாளி என்ற பொருளில் வருகிறது. ஆலைத் தொழிலாளர்களையும் கப்பல் பணியாளர்களையும் 'ஹேண்ட்ஸ்' என்று அழைத்த வழக்கின் தொடர்ச்சி இது.

தமிழில் 'கைதேர்ந்தவர்' என்பது திறனையும், 'கைராசிக்காரர்' என்பது திறனோடு கலந்த நம்பிக்கையையும் குறிக்கின்றன. கைராசியான மருத்துவர் என்று ஒருவரைச் சொல்லும்போது, அவருடைய படிப்பைவிட அவர் தொட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையே முதன்மை பெறுகிறது. இதற்கு நேர் இணையான ஆங்கிலத் தொடர் இல்லை. அதே கையை வைத்தே 'கைத்தடி', 'அல்லக்கை' என்ற இகழ்ச்சிச் சொற்களும் தமிழில் உருவாகியுள்ளன. 'வலது கை' என்று பாராட்டப்பட்டவரையே, அவருக்குத் திறன் இல்லை என்று கருதுவோர் 'அல்லக்கை' என்பர். இரண்டும் நெருக்கத்தையே குறிக்கின்றன. பேசுபவரின் மதிப்பீடு மட்டுமே மாறுகிறது.

லிஞ்ச்பின் – அச்சாணி

'லிஞ்ச்பின்' என்பது சக்கரம் கழன்று ஓடிவிடாதபடி அச்சின் முனையில் செருகப்படும் ஆணி. ஓர் அமைப்பு சிதறாமல் காக்கும் மனிதரை இது உருவகமாகக் குறிக்கிறது. தமிழில் 'அச்சாணி' என்பது இதற்குச் சரியான இணைச்சொல். இது அண்மைக்கால மொழிபெயர்ப்பால் வந்ததன்று. பெரிய தேர் உருள்வதற்குச் சிறிய அச்சாணி காரணமாக இருப்பதைக் காட்டி, உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்று 667ஆம் குறள் அறிவுறுத்துகிறது.

ஆங்கில உருவகம் அந்த மனிதர் இன்றியமையாதவர் என்பதை மட்டும் சொல்கிறது. குறள் மேலும் ஒன்றைச் சேர்க்கிறது: இன்றியமையாதவர் பார்வைக்குச் சிறியவராகத் தோன்றக்கூடும் என்பதே அது.

இருவகைக் கீமேன்

'கீ மேன்' என்பதை அலுவலக ஆங்கிலத்தில் முக்கியமான மனிதர் என்ற பொருளில் பயன்படுத்துவர். ஒரு நிறுவனம் தன் முக்கியப் பணியாளரின் பெயரில் எடுக்கும் காப்பீட்டுக்குக் 'கீமேன் இன்சூரன்ஸ்' என்றே பெயர். அவர் இறந்தால் நிறுவனத்திற்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய அத்தொகை நிறுவனத்திற்கே வழங்கப்படும். இங்கு 'கீ' என்பது திறவுகோல் என்ற பொருளிலிருந்து 'முக்கியமான' என்ற பொருளுக்கு விரிந்துள்ளது.

இரயில்வேயில் 'கீமேன்' என்பது வேறொரு பணி. பழைய இருப்புப்பாதைகளில் தண்டவாளத்தை அதன் இருக்கையில் இறுக்கிப் பிடிக்க ஆப்பு போன்ற துண்டுகள் அடிக்கப்பட்டன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கீ' என்று பெயர். வண்டிகள் ஓடும் அதிர்வில் அவை தளர்ந்துவிடும். அவற்றை நாள்தோறும் பார்த்து அடித்து இறுக்கியவரே கீமேன். இன்று கான்கிரீட் கட்டைகளும் வில்போன்ற கிளிப்புகளும் வந்துவிட்டன. ஆயினும் பெயர் மாறவில்லை.

கீமேன் தம் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்தே ஆய்வு செய்கிறார். சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, தண்டவாளத்தின்மீது வைக்கும் எச்சரிக்கை வெடிகள் ஆகியவற்றை அவர் உடன் எடுத்துச் செல்வார். கழன்ற கிளிப்பைப் பொருத்துவதும், தளர்ந்த போல்ட்டை முடுக்குவதும், விரிசலைக் கண்டறிவதும் அவருடைய வேலை. தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டால் முதலில் வண்டியை நிறுத்துவதற்கான பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பழுது பார்ப்பது அதன் பின்னரே. குளிர்ந்த விடியற்காலைகளில் உலோகம் சுருங்கி இழுவிசை மிகுவதால் தண்டவாளம் உடையும் வாய்ப்பு கூடுதல். அவ்வேளைகளில் இக்கண்காணிப்பு மேலும் இன்றியமையாதது ஆகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை ஓடியது. அந்தத் தடத்தில்தான் அம்பத்தூரும் ஆவடியும் உள்ளன. இன்று கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி ஆகிய நிலையங்கள் வழியாக மாணவர்களும் தொழிலாளர்களும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். அவர்களின் உயிர்ப் பாதுகாப்பு, பெயர் தெரியாத கீமேனின் கண்ணையும் காலையும் சார்ந்திருக்கிறது. அலுவலகத்துக் 'கீ மேன்' முக்கியமானவர் என்று அழைக்கப்படுகிறார். இருப்புப்பாதைக் கீமேன் அவ்வாறு அழைக்கப்படாமலேயே முக்கியமானவராக இருக்கிறார்.

இதே போன்று 'பாயின்ட் மேன்', 'பாயின்ட்ஸ்மேன்' ஆகிய இரண்டும் குழப்பம் தருபவை. முன்னது படைக்குழுவில் முதலாவதாகச் செல்லும் வீரரையும், அதன் வழியாக ஒரு முயற்சியை முன்னின்று நடத்துபவரையும் குறிக்கும். பின்னது தண்டவாளம் பிரியும் இடங்களில் வண்டியைத் தடம் மாற்றும் இரயில்வே பணியாளரைக் குறிக்கும்.

விளையாட்டும் படையும் தந்த தொடர்கள்

ஏ டீம், பி டீம்: ஒரு நிறுவனத்தின் மிகச் சிறந்த குழு 'ஏ டீம்' எனப்படும். ஆனால் கிரிக்கெட்டில் 'இந்தியா ஏ' என்பது முதன்மை அணியன்று. தேசிய அணிக்கு அடுத்த நிலையில் உள்ள அணி. தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் 'பி டீம்' என்பது இரண்டாம் தர அணி என்ற பொருளை இழந்து, ஒரு கட்சிக்கு மறைமுகமாக உதவும் மற்றொரு கட்சி என்ற குற்றச்சாட்டாக மாறியுள்ளது.

ஏஸ்: சீட்டுக்கட்டின் உயர்ந்த சீட்டைக் குறித்த இச்சொல், முதல் உலகப்போரில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்திய விமானிகளுக்குப் பட்டமாயிற்று. இன்று எத்துறையின் வல்லுநரையும் குறிக்கும். திறனை மட்டுமே புகழும் சொல் இது.

கிராக் டீம்: ஆங்கிலத்தில் 'கிராக்' என்பது முதல்தரமான என்ற பொருளில் படைப்பிரிவுகளுக்கு அடைமொழியாக வரும். சென்னைப் பேச்சில் 'கிராக்' என்பதற்குக் கிறுக்கு என்று பொருள். எனவே ஆங்கில நாளிதழில் 'கிராக் டீம்' என்று படிக்கும்போது சிறப்புப் பயிற்சி பெற்ற குழு என்றே கொள்ள வேண்டும்.

ஓல்டு கார்டு: நெப்போலியனின் காவற்படையில் பல போர்களைக் கண்ட மூத்த வீரர்களின் பிரிவுக்கு இப்பெயர். 1815இல் நடந்த வாட்டர்லூ போருடன் அப்படையின் புகழும் முடிவும் பிணைந்துள்ளன. இன்று இத்தொடர் பெரும்பாலும் மாற்றத்தை எதிர்க்கும் மூத்தோர் என்ற பொருளில் வருகிறது. மதிப்புக்குரிய தலைமையாசிரியரை இவ்வாறு குறிப்பிடுவது புகழ்ச்சியாகாது.

டாப் பிராஸ்: இராணுவ அதிகாரிகளின் சீருடையில் மின்னிய உலோக அணிகளைக் கொண்டு பிறந்த தொடர். உயர் பதவியைக் குறிக்குமேயன்றித் திறனைக் குறிக்காது. தங்கத்திற்கு முன் பித்தளையைத் தாழ்வாகக் கருதும் தமிழில் இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

கிரீம்: 'கிரீம் ஆஃப் த கிராப்' என்பது ஒரு தொகுதியின் மிகச் சிறந்தவர்களைக் குறிக்கும். பாலின் மேல் திரளும் ஆடையே இதன் உருவகம். 'கிரீமி லேயர்' என்பது முற்றிலும் வேறு. 1992ஆம் ஆண்டின் இந்திரா சஹானி வழக்குத் தீர்ப்பால் நிலைபெற்ற இத்தொடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருள் வளமான பிரிவினரைக் குறிக்கிறது. இவர்கள் மத்திய அரசின் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான பயனைப் பெற இயலாது. தமிழ்நாடு அரசின் இடஒதுக்கீட்டில் இந்த வரையறை பின்பற்றப்படுவதில்லை. திறனுக்கும் இத்தொடருக்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசியல் வழக்குகள்

தலைவரைச் சூழ்ந்திருப்போரைக் குறிக்கும் தொடர்கள் அரசியலில் மிகுதி. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் (1829–1837) தம் அமைச்சரவைக்கு வெளியே இருந்த நண்பர்களிடம் ஆலோசனை கேட்டதை எதிர்ப்பாளர்கள் கேலி செய்து 'கிச்சன் கேபினட்' என்றனர். இதற்கு மாறாக, 1932இல் பிராங்க்ளின் ரூசுவெல்ட்டுக்கு ஆலோசனை வழங்கிய ரேமண்ட் மோலி முதலான பேராசிரியர்களின் குழு 'பிரைன் டிரஸ்ட்' எனப்பட்டது. இரண்டும் பதவிக்கு வெளியே இருந்த ஆலோசகர் குழுக்களே. முன்னது நெருக்கத்தைச் சுட்டுகிறது. பின்னது அறிவைச் சுட்டுகிறது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு காங்கிரசுக் கட்சியின் வரலாற்றில் உள்ளது. 1955 சனவரியில் அக்கட்சி ஆவடியில் மாநாடு கூட்டி, சோசலிச பாணிச் சமுதாயமே தன் நோக்கம் எனத் தீர்மானித்தபோது காமராசர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். பின்னர் 1960களில் அவரும் நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ், எஸ். கே. பாட்டீல் முதலானோரும் சேர்ந்த தலைவர் குழுவைப் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்றன. 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்குக் காரணமாக இருந்ததால் காமராசர் 'கிங்மேக்கர்' எனப்பட்டார். அப்பெயர் 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வாரிக் பிரபுவான ரிச்சர்டு நெவிலுக்கு வழங்கியது.

தமிழ் மரபில் அரசனுக்குத் துணைநின்ற 'ஐம்பெருங்குழு', 'எண்பேராயம்' ஆகியவற்றைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அமைச்சர், சேனாபதி, தூதர் என இவை பணியின் பெயரால் அறியப்பட்ட அவைகள். 'கிச்சன் கேபினட்' போன்ற தொடர்கள் பணியைச் சொல்வதில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்பது வெளியே தெரியாதபோதே இத்தகைய கேலிப் பெயர்கள் தோன்றுகின்றன.

புகழ்ச்சி இகழ்ச்சியாகும் சொற்கள்

பின்வரும் தொடர்களை நல்ல பொருளில் எழுதுவது கூடாது.

ஹெஞ்ச்மேன்: தொடக்கத்தில் குதிரையைப் பராமரித்துத் தலைவருடன் செல்லும் பணியாளரைக் குறித்தது. இன்று தீய தலைவனின் அடியாள் என்றே பொருள்.

புளூ ஐடு பாய்: தலைவரின் செல்லப்பிள்ளை. தகுதிக்கு மீறிய சலுகை பெறுபவர் என்ற குறிப்பு இதில் உண்டு.

எஸ் மேன்: தமிழில் 'ஆமாம் சாமி'. தலைவர் கூறுவதை மறுக்காதவர்.

குரோனி: ஒரு காலத்தில் நெருங்கிய நண்பர். இன்று அதிகாரத்தால் ஆதாயம் பெறும் கூட்டாளி.

இந்நான்கிலும் திறன் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. நெருக்கம் மட்டும் எஞ்சித் திறன் நீங்கினால் சொல்லின் மதிப்பும் வீழ்கிறது என்பதற்கு இவை சான்று.

பால் பொதுமை

இத்தொடர்களில் பல 'மேன்' என்று முடிகின்றன. கைத்திறன் பணிகளிலும் இருப்புப்பாதைப் பராமரிப்பிலும் பெண்கள் பணியாற்றும் இக்காலத்தில் 'கீ பெர்சன்', 'ரைட் ஹேண்ட்' போன்ற பொதுவடிவங்கள் விரும்பப்படுகின்றன. கிரிக்கெட் விதிகளில் 2021இல் 'பேட்ஸ்மேன்' என்பது 'பேட்டர்' என மாற்றப்பட்டதும் இப்போக்கின் ஒரு பகுதி. தமிழில் 'திறமையாளர்', 'பொறுப்பாளர்' என 'ஆளர்' ஈறு பெறும் சொற்கள் இயல்பாகவே இருபாலருக்கும் பொதுவானவை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பட்டறை உரிமையாளர் தம் சிறந்த டர்னருக்கு ஆங்கிலத்தில் நற்சான்று எழுதுவதாகக் கொள்வோம். 'இவர் என் ரைட் ஹேண்ட் மேன்' என்று மட்டும் எழுதினால், படிக்கும் வேறொரு நிறுவனத்தார் இவரை உரிமையாளருக்கு வேண்டியவர் என்றே புரிந்துகொள்ளக்கூடும். அவருடைய கைத்திறன் அதில் வெளிப்படாது. எந்த எந்திரத்தில் பணியாற்றினார், எவ்வளவு நுண்மையான அளவுவரை உருவாக்கினார், எத்தனை பேருக்குக் கற்பித்தார் என்பவற்றை முதலில் எழுதி, உருவகத்தை இறுதியில் சேர்ப்பதே பயன்தரும்.

தொடரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. இது திறன், நம்பிக்கை, நெருக்கம், பதவி ஆகியவற்றுள் எதைக் குறிக்கிறது?
2. இன்றைய வழக்கில் இது புகழ்ச்சியா, கேலியா?
3. தமிழ்ப் பேச்சில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டா?

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், உருவகத்தை விட்டுவிட்டு அந்த மனிதர் செய்யும் வேலையை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. திறமையாளருக்கு அதனால் குறைவு ஏதும் நேர்ந்துவிடாது.